செல்லின் மதிப்பைப் பார்த்துத் தானாக நிறம் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருநூறு வரிசை உள்ள பட்டியலில் உடனே கவனிக்க வேண்டியது எட்டு வரிசைதான் என்றால், கோப்பைத் திறந்தவுடன் அந்த எட்டும் கண்ணில் பட வேண்டும். விரிதாளில் இதற்கென்றே உள்ள வசதிதான் கண்டிஷனல் ஃபார்மேட்டிங். எக்ஸெல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரேஆபீஸ் கால்க் மூன்றிலும் இது உண்டு. மூன்றையும் பயன்படுத்துபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லாப் பதிலுக்கும் ஒரே பட்டியல்தான் உதாரணம். ஏ நெடுவரிசையில் பொருளின் பெயர், பி-யில் குறியீட்டு எண், சி-யில் இருப்பு, டி-யில் கெடுத் தேதி, இ-யில் நிலை. முதல் வரிசை தலைப்பு. விவரங்கள் 2 முதல் 200 வரை. நெடுவரிசை எழுத்துகளையும் ஃபங்ஷன் பெயர்களையும் தமிழில் எழுதியிருக்கிறேன். விரிதாளில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். குறிகளும் எண்களும் அப்படியே.

கையால் நிறம் பூசுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கையால் பூசிய நிறம் அந்த நொடியோடு நின்றுவிடும். இருப்பு 4 என்று இருந்தபோது சிவப்பு பூசினீர்கள்; நாளை அது 60 ஆனாலும் சிவப்பாகவே இருக்கும். யாராவது ஞாபகமாக எடுத்தால்தான் போகும். கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் நீங்கள் கொடுப்பது நிறத்தை அல்ல, விதியை. "இருப்பு 10-க்குக் கீழே போனால் சிவப்பு" என்று சொல்லிவிட்டால், மதிப்பு மாறும்போதெல்லாம் விரிதாள் அதைச் சரிபார்த்து நிறத்தைப் போடும் அல்லது எடுக்கும்.

கையால் பூசிய நிறம் அடியில் அப்படியே இருக்கும்; விதி பொருந்தும்போது அதன் நிறம் மேலே தெரியும். விதியை நீக்கினால் பழைய நிறம் திரும்ப வெளியே வரும். "விதியை எடுத்துவிட்டேன், நிறம் போகவில்லை" என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இந்த வசதி எந்த மெனுவில் இருக்கிறது?

எக்ஸெலில் ஹோம் தாவலில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் என்ற பொத்தான். கூகுள் ஷீட்ஸில் ஃபார்மேட் மெனுவுக்குள். அழுத்தினால் வலப்பக்கம் ஒரு பலகை திறக்கும். கால்க்கில் ஃபார்மேட் மெனு, அதற்குள் கண்டிஷனல், அதற்குள் கண்டிஷன்.

முதல் விதியை எப்படிப் போடுவது?

சி2 முதல் சி200 வரை தேர்ந்தெடுங்கள். எக்ஸெலில் ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், அதில் லெஸ் தேன். பெட்டியில் 10 என்று தட்டி, பக்கத்தில் நிறத்தைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். அவ்வளவுதான். ஷீட்ஸில் அதே செல்களைத் தேர்ந்தெடுத்து, வலப்பக்கப் பலகையில் லெஸ் தேன் என்ற நிபந்தனையை எடுத்து 10 போட்டால் போதும். கால்க்கில் நிறத்துக்குப் பதிலாக ஒரு செல் ஸ்டைலைக் கேட்கும். புதிய ஸ்டைல் ஒன்றை உருவாக்கி அதில் பின்னணி நிறத்தை வைக்க வேண்டும். ஒரு படி கூடுதல் என்றாலும் இதில் ஒரு லாபம் உண்டு. எக்ஸெலிலும் ஷீட்ஸிலும் விதியால் எழுத்தின் அளவை மாற்ற முடியாது. கால்க் ஸ்டைல் வழியாகப் போவதால் அதில் முடியும்.

10 என்ற எல்லை அடிக்கடி மாறுகிறது. ஒவ்வொரு முறையும் விதிக்குள் போய்த் திருத்த வேண்டுமா?

வேண்டாம். பட்டியலுக்கு வெளியே ஒரு செல்லில், உதாரணமாக ஜி1-இல், 10 என்று எழுதுங்கள். விதியில் எண்ணுக்குப் பதிலாக =$ஜி$1 கொடுங்கள். எல்லை மாறினால் ஜி1-ஐ மட்டும் மாற்றினால் போதும். இதை வசதிக்காக மட்டும் சொல்லவில்லை. விதிக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைக் கோப்பைத் திறப்பவர் பார்க்க முடியாது, "ஏன் இது சிவப்பு?" என்று கேட்கத்தான் செய்வார். பக்கத்திலேயே "குறைந்தபட்ச இருப்பு: 10" என்று எழுதியிருந்தால் கேள்வியே வராது. நாலு பேர் சேர்ந்து பயன்படுத்தும் கோப்பு என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

ஒரு செல்லைப் பார்த்து முழு வரிசைக்கும் நிறம் வர வேண்டும். எப்படி?

இங்கேதான் ஃபார்முலா தேவைப்படுகிறது. இந்த வசதியின் முழு பலமும் இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஏ2 முதல் இ200 வரை முழுப் பட்டியலையும் ஏ2-இலிருந்து தொடங்கித் தேர்ந்தெடுங்கள். எக்ஸெலில் நியூ ரூல் எடுத்து, பட்டியலில் கடைசியாக இருக்கும் "யூஸ் எ ஃபார்முலா" என்று தொடங்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். ஷீட்ஸில் நிபந்தனைகளின் கடைசியில் இருக்கும் கஸ்டம் ஃபார்முலா இஸ். கால்க்கில் ஃபார்முலா இஸ். அங்கே எழுத வேண்டியது:

=$சி2<10

ஃபார்முலா ஒன்றுதான் எழுதுகிறீர்கள். ஆனால் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு செல்லுக்கும் விரிதாள் அதைத் தனித்தனியாகக் கேட்டுப் பார்க்கிறது. வலப்பக்கம் நகரும்போது ஃபார்முலாவில் உள்ள எழுத்தும், கீழே நகரும்போது எண்ணும் கூடவே நகரும். நகரக்கூடாததற்கு முன்னால் $ போட வேண்டும். $சி2 என்றால் எழுத்து சி-யிலேயே நிற்கும், எண் மட்டும் நகரும். ஆக ஏ5, பி5, சி5, டி5, இ5 ஐந்துமே சி5-ஐத்தான் பார்க்கும். ஐந்துக்கும் ஒரே பதில் கிடைக்கும். வரிசை முழுக்க ஒரே நிறம் வரும்.

$ இல்லாமல் சி2<10 என்று எழுதினால் ஏ2 என்ற செல் சி2-ஐப் பார்க்கும், பி2 போய் டி2-ஐப் பார்க்கும், சி2 போய் இ2-ஐப் பார்க்கும். அங்கும் இங்குமாகச் சில செல்கள் மட்டும் நிறம் மாறியிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. $சி$2 என்று இரண்டையும் பூட்டினால் 199 வரிசையும் முதல் பொருளின் இருப்பையே பார்க்கும். ஒன்று மொத்தப் பட்டியலும் சிவக்கும், அல்லது ஒன்றுமே சிவக்காது.

இந்த ஒரு $ குறியைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லா விதிகளும் இதே அச்சில்தான். "முடிந்தது" என்று நிலை எழுதிய வரிசைகளைச் சாம்பல் நிறமாக்க =$இ2="முடிந்தது". இருப்பும் குறைவு, நிலையும் "ஆர்டர் போடவில்லை" என்றால் மட்டும் நிறம் வேண்டும் என்றால் =ஆண்ட்($சி2<10,$இ2="ஆர்டர் போடவில்லை"). ஷீட்ஸில் இ நெடுவரிசையில் செக்பாக்ஸ் வைத்திருந்தால் =$இ2=ட்ரூ என்று எழுதி, நிறத்தோடு எழுத்தின் மேல் கோடும் சேர்த்துக்கொள்ளலாம். டிக் அடித்தவுடன் அந்த வரிசை அடிபட்டுவிடும். வேலைப் பட்டியலுக்கு மிக நன்றாக இருக்கும்.

ஃபார்முலா சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நிறம் வரவில்லை, அல்லது ஒரு வரிசை தள்ளி வருகிறது.

ஒரு வரிசை தள்ளி வந்தால் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான். ஃபார்முலாவில் இருக்கும் வரிசை எண், தேர்ந்தெடுத்த பகுதி தொடங்கும் வரிசையோடு பொருந்தவில்லை. நெடுவரிசைத் தலையில் கிளிக் செய்து சி முழுவதையும் தேர்ந்தெடுத்துவிட்டு =$சி2<10 என்று எழுதினால், பகுதி தொடங்குவது சி1-இல். சி1 போய் சி2-ஐப் பார்க்கும், சி2 போய் சி3-ஐப் பார்க்கும். எல்லா நிறமும் ஒரு வரிசை மேலே ஏறி நிற்கும். எக்ஸெலில் இன்னொரு நுணுக்கமும் உண்டு: அது கணக்கில் எடுப்பது தேர்வுக்குள் வெள்ளையாகத் தெரியும் செல்லை. கீழிருந்து மேலாக இழுத்துத் தேர்ந்தெடுத்தால் அந்த வெள்ளை செல் கடைசி வரிசையில் இருக்கும். 2 என்று எழுதியது தப்பாகிவிடும். மேலிருந்து கீழாகத் தேர்ந்தெடுப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நிறமே வரவில்லை என்றால் முதலில் சமக்குறியைப் பாருங்கள். முன்னால் = இல்லாவிட்டால் எக்ஸெல் நீங்கள் எழுதியதை மேற்கோள் குறிக்குள் போட்டு வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டிய ஃபார்முலாவில் மேற்கோள் குறிகள் வளைந்திருந்தாலும் வேலை செய்யாது. அழித்துவிட்டு விசைப்பலகையில் இருக்கும் நேரான குறியைத் தட்டுங்கள். கணினியின் மொழி, நாடு அமைப்பைப் பொறுத்துச் சில இடங்களில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி போட வேண்டியிருக்கும்.

எக்ஸெலின் அந்தச் சின்னப் பெட்டியில் பலருக்கு எரிச்சல் தரும் ஒரு விஷயம்: ஃபார்முலாவுக்குள் நகர அம்புக்குறி விசையை அழுத்தினால் கர்சர் நகராமல், ஏதோ ஒரு செல்லின் பெயர் நடுவில் வந்து விழும். எஃப்2 விசையை ஒருமுறை அழுத்திவிட்டால் அம்புக்குறிகள் ஒழுங்காக வேலை செய்யும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன். விதிப் பெட்டிக்குள் ஃபார்முலாவைச் சோதிக்காதீர்கள். அங்கே தப்பு எங்கே என்று எதுவும் சொல்லாது. நிறம் வரும், அல்லது வராது. காலியாக இருக்கும் எஃப் நெடுவரிசையில் எஃப்2-இல் அதே ஃபார்முலாவை எழுதிக் கீழே இழுத்துப் பாருங்கள். ட்ரூ, ஃபால்ஸ் என்று வரிசை வரிசையாகப் பதில் வரும். ட்ரூ வர வேண்டிய இடத்தில் ட்ரூ வந்தால் ஃபார்முலாவை எடுத்து விதிக்குள் ஒட்டுங்கள். வேறு ஏதாவது வந்தால் எந்த வரிசையில் கோளாறு என்று கண்ணுக்கு முன்னால் தெரியும். கண்டிஷனல் ஃபார்மேட்டிங் அடியில் வெறும் ஆம்-இல்லை கேள்விதான். கேள்வி சரியாக இருந்தால் நிறம் தானே சரியாக வரும்.

காலியாக இருக்கும் செல்களும் சிவப்பாகின்றன. ஏன்?

ஒப்பிடும்போது காலி செல் 0 ஆக எடுத்துக்கொள்ளப்படுகிறது. 0 என்பது 10-ஐ விடக் குறைவு. அதனால் நிறம். =ஆண்ட்($சி2<>"",$சி2<10) என்று எழுதிவிட்டால் காலியானவை தப்பிவிடும். (<> என்றால் சமமில்லை, "" என்றால் காலி.) தேதி விதிகளிலும் இதே கதைதான்: காலியான தேதி எப்போதோ கடந்துபோன தேதியாக எண்ணப்பட்டு நிறம் வாங்கும்.

செல்லில் 10 என்றுதான் தெரிகிறது. 10-க்குக் கீழே என்ற விதி அதை ஏன் பிடிக்கிறது?

விதி பார்ப்பது உள்ளே இருக்கும் மதிப்பை, திரையில் தெரிவதை அல்ல. உள்ளே 9.96 இருந்து, தசமம் காட்டாதபடி அமைத்திருந்தால் திரையில் 10 என்று தெரியும். விதிக்கு அது 9.96-தான். தெரிவதை வைத்தே நிறம் வேண்டும் என்றால் =ரவுண்ட்($சி2,0)<10 என்று எழுதுங்கள். சதவீதமும் இப்படித்தான்: 85% என்று தெரியும் செல்லின் உள்ளே இருப்பது 0.85. விதியில் 85 என்று மட்டும் எழுதினால் எல்லாச் செல்லும் அதற்குக் கீழேதான் இருக்கும். 85% என்றோ 0.85 என்றோ எழுத வேண்டும்.

சில எண்களை மட்டும் விதி கண்டுகொள்வதே இல்லை.

அவை எண் போலத் தெரியும் எழுத்துகளாக இருக்கும். வேறு மென்பொருளிலிருந்து இறக்கிய விவரங்களில் இது சர்வசாதாரணம். எக்ஸெலின் ஒப்பீட்டில் எழுத்து என்பது எந்த எண்ணையும் விடப் பெரியது. எழுத்தாக இருக்கும் 5, "10-க்குக் கீழே" என்ற விதியில் மாட்டாது. மாறாக "100-க்கு மேலே" என்று விதி போட்டால் அந்த 5-க்கும் நிறம் வரும். தலைப்பு வரிசையையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்திருந்தால் தலைப்புக்கும் வரும்!

அடையாளம் எளிது. நீங்களாகச் சீரமைப்பை மாற்றாதவரை எண்கள் செல்லின் வலப்பக்கம் ஒட்டியிருக்கும், எழுத்துகள் இடப்பக்கம். எக்ஸெல் பெரும்பாலும் செல்லின் மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் காட்டும். அதை அழுத்தி எண்ணாக மாற்றச் சொல்லலாம். விதியை வளைத்து இதைச் சமாளிப்பதை விட விவரத்தைச் சுத்தம் செய்வதே நல்லது, ஏனென்றால் கூட்டுத்தொகையும் இந்தச் செல்களை விட்டுவிட்டுத்தான் கூட்டிக்கொண்டிருக்கும்.

கெடு முடிந்தவை, இன்னும் ஒரு வாரத்துக்குள் முடியப்போகிறவை: இரண்டுக்கும் வெவ்வேறு நிறம் வேண்டும்.

விரிதாளுக்குத் தேதி என்பது ஓர் எண். எக்ஸெலில் 1900 ஜனவரி 1-ஆம் தேதிதான் எண் 1. ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று கூடும். அதனால்தான் தேதியோடு 7-ஐக் கூட்டினால் ஒரு வாரம் கழித்து வரும் தேதி கிடைக்கிறது.

கெடு முடிந்தவைக்கு =ஆண்ட்($டி2<>"",$டி2<டுடே()). ஒரு வாரத்துக்குள் வருபவைக்கு =ஆண்ட்($டி2>=டுடே(),$டி2<=டுடே()+7). வேலை முடிந்த வரிசை கெடு தாண்டியதற்காகச் சிவந்து நிற்பது அர்த்தமில்லாதது. எனவே முதல் ஃபார்முலாவுக்குள் $இ2<>"முடிந்தது" என்பதையும் சேர்த்துவிடுங்கள். சனி, ஞாயிறு தேதிகளைக் காட்ட =ஆண்ட்($டி2<>"",வீக்டே($டி2,2)>5).

தேதி எழுத்தாக உட்கார்ந்திருந்தால் இந்த விதிகளை நம்ப முடியாது. மேலே சொன்ன வலப்பக்கம், இடப்பக்கம் சோதனை இதற்கும் பொருந்தும்.

இரண்டு முறை பதிவானவற்றை எப்படிக் காட்டுவது?

எக்ஸெலில் ஹைலைட் செல்ஸ் ரூல்ஸுக்குள் டூப்ளிகேட் வேல்யூஸ் என்று தயாராகவே இருக்கிறது. கால்க்கிலும் டூப்ளிகேட் என்ற நிபந்தனை உண்டு. ஷீட்ஸில் ஃபார்முலா எழுத வேண்டும்: =கவுன்ட்இஃப்($பி$2:$பி$200,$பி2)>1. ஒரு மதிப்பு அந்தப் பகுதியில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவதுதான் கவுன்ட்இஃப். முதல் பதிவை விட்டுவிட்டு இரண்டாவது முதல் மட்டும் நிறம் வர வேண்டும் என்றால் =கவுன்ட்இஃப்($பி$2:$பி2,$பி2)>1. பகுதியின் முடிவில் 2-க்கு முன்னால் $ இல்லாததால் கீழே போகப் போக அது நீண்டுகொண்டே போகும், "எனக்கு மேலே இது ஏற்கெனவே வந்திருக்கிறதா?" என்று ஒவ்வொரு செல்லும் கேட்கும். நீக்கப்போகிறவற்றைக் குறிக்க இதுதான் பொருத்தமானது.

நீண்ட குறியீட்டு எண்களில் கவனம் தேவை. எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க எண்களை எழுத்தாகவே சேமித்திருந்தாலும் கவுன்ட்இஃப் அவற்றை எண்ணாக மாற்றிப் பார்ப்பதால், கடைசி இலக்கம் மட்டும் மாறும் இரண்டு எண்களை ஒன்றே என்று சொல்லிவிடும். அப்படிப்பட்ட பட்டியலில் =சம்புராடக்ட்(--($பி$2:$பி$200=$பி2))>1 என்று எழுதுங்கள்; இது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். காலி செல்கள் ஒன்றோடொன்று பொருந்திவிடாமல் இருக்க $பி2<>"" என்ற நிபந்தனையையும் ஆண்ட் போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டும் ஒன்று போலவே தெரிந்தும் நிறம் வரவில்லையென்றால், ஒன்றின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். டிரிம் ஃபங்ஷன் அதை எடுத்துவிடும்.

இரண்டு நெடுவரிசைகள் எங்கே வேறுபடுகின்றன என்று பார்க்க?

=$பி2<>$சி2. ஆங்கில எழுத்துகளில் பெரியது, சிறியது வேறுபாட்டையும் பார்க்க வேண்டும் என்றால் =நாட்(எக்ஸாக்ட்($பி2,$சி2)).

ஒரே செல்லுக்கு இரண்டு விதி பொருந்தினால் எந்த நிறம் வரும்?

எக்ஸெலில் பட்டியலில் மேலே இருக்கும் விதிக்கு முன்னுரிமை. இரண்டு விதிகளும் மோதாவிட்டால் இரண்டுமே பொருந்தும்: ஒன்று பின்னணியை மஞ்சளாக்குகிறது, மற்றொன்று எழுத்தைத் தடிமனாக்குகிறது என்றால் இரண்டும் சேர்ந்தே தெரியும். இரண்டும் பின்னணியையே மாற்றினால் மேலே உள்ளது வெல்லும். புதிதாகப் போடும் விதி மேலே போய் உட்காரும் என்பதை நினைவில் வையுங்கள். மேனேஜ் ரூல்ஸ் பெட்டியில் அம்புக்குறியால் வரிசையை மாற்றலாம். அங்கேயே ஸ்டாப் இஃப் ட்ரூ என்ற கட்டமும் இருக்கிறது. நிறமே கொடுக்காத ஒரு விதியை "செல் காலியாக இருந்தால்" என்று மேலே வைத்து அதில் இதை டிக் செய்தால், காலி செல்கள் கீழே உள்ள எந்த விதிக்கும் போகாது.

ஷீட்ஸிலும் கால்க்கிலும் முதலில் பொருந்தும் விதியே வேலை செய்யும் என்று வைத்துக்கொண்டு வரிசைப்படுத்துங்கள். "10-க்குக் கீழே மஞ்சள்" மேலேயும் "3-க்குக் கீழே சிவப்பு" கீழேயும் இருந்தால் சிவப்பு வரவே வராது. கடுமையான நிபந்தனையை மேலே வைக்க வேண்டும்.

எத்தனை விதி வைக்கலாம் என்றும் கேட்கிறார்கள். எக்ஸெல் 2003 வரை ஒரு செல்லுக்கு மூன்று நிபந்தனைகள்தான். 2007-இல் அந்த எல்லை போய்விட்டது. ஆனாலும் ஒரு பட்டியலுக்கு மூன்று நிறத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஏழு நிறம் இருந்தால் எது எதைக் குறிக்கிறது என்று யாராலும் நினைவு வைத்துக்கொள்ள முடியாது. எல்லாம் கண்ணை இழுத்தால் எதுவுமே இழுக்காது.

கலர் ஸ்கேல், டேட்டா பார், ஐகான் இவற்றையெல்லாம் எப்போது பயன்படுத்துவது?

கலர் ஸ்கேல் மதிப்புக்கு ஏற்ப நிறத்தின் அடர்த்தியை மாற்றும், டேட்டா பார் செல்லுக்குள் பட்டை வரையும், ஐகான் விளக்கு போன்ற சின்னப் படம் வைக்கும். இவை எக்ஸெலில் 2007 பதிப்போடு வந்தவை. பார்க்க அழகாக இருப்பதால் எல்லோரும் முதலில் இவற்றைத்தான் அழுத்துகிறார்கள். ஆனால் இவை சொல்லும் செய்தியே வேறு. இதுவரை பார்த்த விதிகள் "இது எல்லையைத் தாண்டிவிட்டதா?" என்று கேட்டன. இவையோ "மற்றவற்றோடு பார்த்தால் இது எங்கே நிற்கிறது?" என்று கேட்கின்றன. இந்த வேறுபாடு தெரியாமல் பயன்படுத்தினால் தப்பான முடிவுக்கு வர நேரும்.

மூன்று ஐகான் கொண்ட விளக்குகளை எடுத்துக்கொள்வோம். எக்ஸெலில் தானாக வரும் எல்லைகள் 67 சதவீதமும் 33 சதவீதமும். இது மதிப்பெண்ணின் சதவீதம் அல்ல. பட்டியலில் மிகக் குறைந்த எண்ணுக்கும் மிக அதிக எண்ணுக்கும் இடையிலான தூரத்தின் சதவீதம். ஒரு வகுப்பில் குறைந்த மதிப்பெண் 40, அதிகம் 100 என்றால் பச்சை 80.2-இல் தொடங்கும். இன்னொரு வகுப்பில் எல்லோரும் 90-க்கும் 100-க்கும் இடையில் வாங்கியிருந்தால் சிவப்பின் எல்லை 93.3. அங்கே 92 வாங்கிய மாணவிக்குச் சிவப்பு விளக்கு! அந்தத் தாளை ஒரு பெற்றோரிடம் காட்டினால் என்ன நினைப்பார் என்று யோசித்துப் பாருங்கள். உங்களிடம் உண்மையான எல்லை இருக்கிறது என்றால், விதியைத் திருத்தும் பெட்டியில் டைப் என்ற இடத்தில் பெர்சென்ட் என்பதை நம்பர் என்று மாற்றி, எல்லைகளை நீங்களே எழுதுங்கள்.

கலர் ஸ்கேலில் வேறொரு சிக்கல். 20-க்கும் 60-க்கும் இடையில் ஓடும் எண்களுக்கு நடுவே ஒரே ஒரு 900 வந்துவிட்டால், இரண்டு நிறம் கொண்ட ஸ்கேலில் அந்த 900 மட்டும் அடர்த்தியாகவும் மீதி எல்லாம் ஒரே வெளிறிய நிறமாகவும் போய்விடும். குறைந்தபட்சம், அதிகபட்சம் என்பதற்குப் பதிலாக பெர்சென்டைல் 10, பெர்சென்டைல் 90 என்று வைத்தால் நடுவில் உள்ள வேறுபாடுகள் தெரியும். (பெர்சென்டைல் 90 என்றால், பட்டியலில் 90 சதவீத எண்கள் எந்த அளவுக்குள் அடங்குகின்றனவோ அந்த அளவு.) மாதங்கள் குறுக்கே, பொருள்கள் நெடுக்கே என்று விரியும் பெரிய அட்டவணையில் எங்கே கூட்டம், எங்கே வறட்சி என்று ஒரே பார்வையில் பார்க்க இதை விட நல்ல கருவி இல்லை. ஆனால் இருப்பு தீர்ந்துவிட்டதா என்று அறிய இது உதவாது.

டேட்டா பார் என்றால் தொடக்கம் 0-வாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஷீட்ஸில் டேட்டா பாரும் ஐகானும் இந்த வசதிக்குள் இல்லை. பட்டை வேண்டும் என்றால் பக்கத்துச் செல்லில் ஸ்பார்க்லைன் ஃபங்ஷனை எழுதி வரவழைக்கலாம்.

வேறொரு ஷீட்டில் உள்ள மதிப்பை வைத்து நிறம் மாற்ற முடியுமா?

எக்ஸெலில் 2010 முதல் முடியும், ஆனால் அதே கோப்புக்குள் இருக்க வேண்டும். வேறு கோப்பைக் காட்டினால் ஏற்காது. ஷீட்ஸில் இன்டைரக்ட் ஃபங்ஷன் வழியாக ஷீட்டின் பெயரை மேற்கோள் குறிக்குள் கொடுக்க வேண்டும். இரண்டிலும் தலைவலி இல்லாத வழி, அந்த மதிப்பை இதே ஷீட்டில் ஒரு செல்லுக்குக் கொண்டுவந்து அதைப் பார்த்து விதி எழுதுவது.

கோப்பு நாளுக்கு நாள் மெதுவாகிறது. இந்த விதிகள்தான் காரணமா?

இருக்கலாம். மேனேஜ் ரூல்ஸைத் திறந்து, மேலே திஸ் வொர்க்ஷீட் என்று மாற்றிப் பாருங்கள். நீங்கள் போட்டது இரண்டு விதி; அங்கே நாற்பது இருக்கும். செல்களை நகலெடுத்து ஒட்டும்போது விதியும் சேர்ந்து ஒட்டிக்கொள்கிறது. வரிசைகளை நடுவில் செருகும்போதும் வெட்டி ஒட்டும்போதும் ஒரே விதி பல துண்டுகளாக உடைகிறது. ஒரே விதியின் நகல்களை நீக்கிவிட்டு, மிஞ்சும் ஒன்றின் அப்ளைஸ் டு கட்டத்தில் முழுப் பகுதியையும் எழுதினால் சுத்தமாகிவிடும். இனி ஒட்டும்போது பேஸ்ட் வேல்யூஸ் பயன்படுத்துங்கள்.

இன்னொரு காரணம் கனமான ஃபார்முலா. 10,000 வரிசைப் பட்டியலில் கவுன்ட்இஃப் விதி இருந்தால் ஒவ்வொரு செல்லும் 10,000 செல்களைத் தேடிப் பார்க்கிறது. திரையில் 40 வரிசை தெரிந்தால் ஒரு நெடுவரிசைக்கே 4 லட்சம் ஒப்பீடுகள். எக்ஸெல் திரையை மறுபடி வரையும்போதெல்லாம் விதிகளைச் சரிபார்ப்பதால் உருட்டும்போது சுணங்கும். அந்தக் கணக்கை எஃப் நெடுவரிசையில் ஒருமுறை போட்டுவைத்துவிட்டு, விதியில் =$எஃப்2>1 என்று மட்டும் எழுதுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

சிவப்பாக உள்ளவை எத்தனை என்று எண்ண ஃபங்ஷன் இருக்கிறதா?

நிறத்தை எண்ணும் ஃபங்ஷன் இல்லை, தேவையும் இல்லை. நிறம் வரக் காரணமான நிபந்தனை உங்களிடம் இருக்கிறது; அதையே எண்ணுங்கள்: =கவுன்ட்இஃப்(சி2:சி200,"<10"). அந்த வரிசைகளை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் ஃபில்டரில் நிறத்தின்படி வடிகட்டலாம். எக்ஸெல், ஷீட்ஸ் இரண்டிலும் விதியால் வந்த நிறத்துக்கும் இது வேலை செய்யும்.

எந்த நிறங்களைத் தேர்ந்தெடுப்பது?

வெளிறிய பின்னணி, அதன் மேல் அடர்த்தியான எழுத்து. அடர் சிவப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்தைப் படிக்க முடியாது. படிக்க வேண்டிய செல்லே அதுதான் என்னும்போது இது பெரிய குறை.

பச்சை, சிவப்பு ஜோடியைத் தயவுசெய்து தவிருங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்கள் நிறையப் பேர். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 8 சதவீதம். அவர்களில் பலர் அதை வெளியே சொல்வதில்லை. நீலமும் ஆரஞ்சும் பெரும்பாலானவர்களுக்குத் தெளிவாகப் பிரிந்து தெரியும். அதோடு நிறத்தை மட்டும் நம்பாமல், பக்கத்து நெடுவரிசையில் =இஃப்($சி2<10,"குறைவு","") என்று ஒரு சொல்லும் வரும்படி செய்யுங்கள். கறுப்பு வெள்ளையில் அச்சடித்தாலும், திரைவாசிப்பான் வைத்துக் கேட்பவருக்கும் அந்தச் சொல் போய்ச் சேரும்.

கோப்பை வேறு மென்பொருளில் திறந்தால் விதிகள் இருக்குமா?

எளிய விதிகளும் ஃபார்முலா விதிகளும் எக்ஸெல், ஷீட்ஸ், கால்க் இடையே பெரும்பாலும் பிழைத்துவிடும். எக்ஸெலில் வைத்த ஐகானும் டேட்டா பாரும் ஷீட்ஸில் தெரியாது. சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் நிறம், விதி எல்லாமே போய்விடும். அதில் நிற்பது மதிப்புகள் மட்டுமே. சிஎஸ்வி-யாக அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், மேலே சொன்ன "குறைவு" நெடுவரிசையைச் சேர்த்து அனுப்புங்கள். அது மதிப்பு என்பதால் கூடவே போகும்; பெறுபவர் அதை வைத்துத் தன் பக்கத்தில் விதி போட்டுக்கொள்ளலாம்.